கரண்ட் இல்லாத கிணற்றடியில் ஒளித்து வைக்கும் கேமரா: பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி இதுதான்: ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் காப்பர் கேபிளை இரண்டு தடவை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டம் வீட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. மோட்டார் கொட்டகையில் ஈபி லைன் இருந்தாலும் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது, திருட வருகிறவன் முதலில் ஃபியூஸைத்தான் பிடுங்குகிறான். கண்ணில் படாத சின்ன கேமரா ஒன்றை ஒளித்து வைத்து, 20,000 எம்ஏஹெச் பவர்பேங்க் மாட்டினால் ஒரு மாதம் ஓடுமா?

ஓடாது. நீங்கள் படம் அனுப்பியிருக்கும் அந்த வகை வைஃபை கேமரா என்றால் ஒன்றரை நாள் ஓடினாலே பெரிது. ஆனால் நீங்கள் கேட்கிற காரியம் முடியாதது இல்லை, பவர்பேங்கை விடச் சின்ன பேட்டரியிலேயே ஒரு மாதத்துக்கு மேல் ஓடுகிற கேமரா இருக்கிறது. எங்கே வித்தியாசம் வருகிறது என்று கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கணக்கு தெரியாமல்தான் நிறையப் பேர் பெரிய பேட்டரி, அதைவிடப் பெரிய பேட்டரி என்று வாங்கிக்கொண்டே போகிறார்கள்.

முதலில் எம்ஏஹெச் என்ற எண்ணை ஓரமாக வையுங்கள். அது வோல்ட்டேஜைச் சொல்லாத வரை பாதித் தகவல்தான். வாட் ஹவராக மாற்றிக்கொள்ளுங்கள். பவர்பேங்கில் போட்டிருக்கும் 20,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டுக்கான கணக்கு, அதாவது 74 வாட் ஹவர். அதை 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுக்கும்போது ஒரு பங்கு சூடாகப் போய்விடும், கையில் கிடைப்பது 60-லிருந்து 63 வாட் ஹவர். இப்போது கேமரா பக்கம் வாருங்கள். எப்போதும் வைஃபையில் இருந்துகொண்டு பதிவு செய்யும் சின்ன கேமரா பகலில் 250 மில்லி ஆம்பியர், இரவில், இருட்டில் படம் எடுக்க உதவும் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது 450 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், பகல் 12 மணி நேரத்துக்கு 15 வாட் ஹவர், இரவு 12 மணி நேரத்துக்கு 27, மொத்தம் ஒரு நாளைக்கு 42. பவர்பேங்க் ஒன்றரை நாளில் காலி. ஒரு மாதம் ஓட்ட அதே மாதிரி இருபது பவர்பேங்க் வேண்டும். அதை எங்கே ஒளிப்பது?

டப்பாவோடு வரும் பேட்டரியைச் சொல்லவே வேண்டாம். கட்டைவிரல் அளவு கேமராவுக்குள் இருப்பது பெரும்பாலும் 200-லிருந்து 400 எம்ஏஹெச் செல். ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ தாங்கும். கேமரா சின்னதாக ஆக ஆக பேட்டரியும் சின்னதாகும். ஆனால் சென்சாரும் வைஃபையும் இழுக்கும் கரண்ட் அந்த அளவுக்குக் குறையாது.

அதனால் பேட்டரி எவ்வளவு பெரியது என்பது இரண்டாவது கேள்வி. கேமரா ஒரு நாளில் எத்தனை நிமிடம் விழித்திருக்க வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் கிணற்றடியில் திருடன் நிற்கப்போவது மாதத்தில் ஒரு இரவு, அதுவும் பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் இருட்டையும் சுவரையும் படம் பிடித்து ஒரு பயனும் இல்லை.

இந்த வேலைக்காகவே இருப்பது டிரெயில் கேமரா. காட்டு இலாகாக்காரர்கள் கேமரா டிராப் என்பார்கள். கைக்கு அடக்கமான பெட்டி, முன்னால் உடம்புச் சூட்டை உணரும் பிஐஆர் சென்சார், உள்ளே டபுள்-ஏ செல் நாலோ எட்டோ. உடம்புச் சூடு உள்ள ஏதாவது குறுக்கே போனால் மட்டும் ஒரு நொடிக்குள் எழுந்து படமோ வீடியோவோ எடுத்து எஸ்டி கார்டில் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். 2018-க்கான அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பு பெருமளவுக்கு இப்படிப்பட்ட பேட்டரி கேமராக்களை நம்பித்தான் நடந்தது. 26,838 இடங்களில் வைத்தார்கள், கின்னஸ் சாதனையாகவே அதைப் பதிவு செய்தார்கள். ஈபி கம்பம் இல்லாத காட்டில் அது சாத்தியம் என்றால் உங்கள் தோட்டத்தில் ஏன் முடியாது?

அந்தக் கணக்கெடுப்பில் இன்னொரு எண் இருக்கிறது, அது நமக்கு இன்னும் முக்கியம். மொத்தம் விழுந்த படங்கள் 3,48,58,623. அதில் புலி இருந்தது 76,651 படங்களில். ஆயிரத்துக்கு இரண்டு. மற்றதில் புலி இல்லை. காட்டில் வேலை செய்கிறவர்கள் இடம் பார்த்து வைத்தும் இந்த விகிதம்தான். வேண்டாத படங்கள்தான் பேட்டரியைத் தின்கின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

கணக்கைப் பாருங்கள். டிரெயில் கேமரா தூங்கும்போது இழுப்பது 0.2 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம், நல்ல மாடல்கள் இதற்கும் கீழே போகும். 6 வோல்ட்டில் மாதம் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு வாட் ஹவருக்குக் குறைவு. அதைத் தள்ளிவிடலாம். இரவில் 15 நொடி வீடியோ ஒன்று எடுக்க, விளக்கையும் சேர்த்து 3 வாட் என்றால், 0.0125 வாட் ஹவர் ஆகும். ஒரு இரவுக்கு இருபது தடவை எழுந்தால் கால் வாட் ஹவர், மாதத்துக்கு ஏழரை. தூக்கத்தையும் சேர்த்து எட்டரைக்குள். 2,000 எம்ஏஹெச் ரீசார்ஜபிள் டபுள்-ஏ செல் எட்டு போட்டால் 19 வாட் ஹவர் இருக்கிறது, இரண்டு மாதம் தாராளமாக வரும். ஆனால் அதே கேமராவின் முன்னால் ஒரு வாழை இலை ஆடி, ஒரு இரவுக்கு இருநூறு தடவை எழுப்பிவிட்டது என்றால் அதே எட்டு செல் ஒரு வாரத்தில் செத்துவிடும். பேட்டரி சரியில்லை என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது கார்டில் எத்தனை ஃபைல் இருக்கிறது என்பதைத்தான். ஆயிரக்கணக்கில் சோளத்தட்டும் புல்லும் இருந்தால் பேட்டரி மேல் குற்றம் இல்லை.

எனவே வைக்கிற இடம்தான் பாதி பேட்டரி. பிஐஆர் சென்சார் சூட்டு வித்தியாசத்தைப் பார்க்கிறது, அதுவும் அந்தச் சூடு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் நகர்ந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். நேராகக் கேமராவை நோக்கி நடந்து வருகிறவனைத் தாமதமாகத்தான் பிடிக்கும். அதனால் பாதைக்குக் குறுக்கே பார்க்கிற மாதிரி வையுங்கள். கிழக்கு மேற்காகத் திருப்பினால் காலை மாலை வெயில் நேரே உள்ளே விழும், வெயில் பட்டுச் சூடாகிற இலை ஆடினாலே எழுந்துவிடும், வடக்குப் பார்த்து வைப்பது நல்லது. முன்னால் மூன்று நாலு மீட்டருக்குள் இருக்கும் புல், செடி, தொங்கும் தென்னை ஓலை எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள். நம் ஊர் மே மாதத்தில் நண்பகல் வெப்பம் உடம்புச் சூட்டையே தொட்டுவிடும், அப்போது பிஐஆர் கிட்டத்தட்டக் குருடு. இரவில் மீண்டும் வேலை செய்யும், இருந்தாலும் டப்பாவில் 20 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பாமல் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து ஏழெட்டு மீட்டருக்குள் வைத்துவிடுங்கள். உயரம் எட்டு ஒன்பது அடி, கொஞ்சம் கீழே சாய்த்து. அந்த உயரத்தில் நாய், பூனை எழுப்புவதும் குறையும், டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிறவனின் பார்வையும் பெரும்பாலும் மேலே போகாது.

இப்போது செல். கடையில் கிடைக்கும் சாதாரணச் செல், அதாவது சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற விலை குறைந்த வகை, இதற்கு ஆகவே ஆகாது. இரவில் விளக்கு எரியும் கணத்தில் கேமரா ஒரு ஆம்பியர் வரைகூட இழுக்கும், அந்தச் செல்லால் அவ்வளவு தர முடியாது, வோல்ட்டேஜ் விழுந்து கேமரா அணைந்துவிடும். பகலில் நன்றாக எடுத்தது, இரவில் ஒரு படமும் இல்லை என்கிற புகார் பெரும்பாலும் இதனால்தான். அல்கலைன் பரவாயில்லை, ஆனால் தீரத் தீர வோல்ட்டேஜ் சரிந்துகொண்டே வரும், இரவுப் படம் மங்கிக்கொண்டே போகும், வெயிலில் மறந்து விட்டுவிட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். நான் சொல்வது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள், அதிலும் சும்மா இருந்தால் சார்ஜ் இழக்காத வகை, எனிலூப் பிராண்ட் மாதிரி. பழைய வகை ரீசார்ஜபிள் ஒரே மாதத்தில் சும்மா இருந்தே கால் பங்கை இழந்துவிடும், இது ஒரு வருடம் கழித்தும் பெரும்பகுதியை வைத்திருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: இதன் வோல்ட்டேஜ் 1.5 இல்லை, 1.2 தான். நாலு போட்டால் 6-க்குப் பதிலாக 4.8. சில கேமராக்கள் இதைப் பார்த்து பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும், மெனுவில் பேட்டரி வகையை மாற்றும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்னால் பாருங்கள். லித்தியம் டபுள்-ஏ, ரீசார்ஜ் செய்ய முடியாத வகை, எல்லாவற்றையும் விட நீண்ட நாள் வரும், சூட்டையும் தாங்கும், விலைதான் கடிக்கும். எதுவாக இருந்தாலும் பழைய செல்லையும் புதுச் செல்லையும் கலந்து போடாதீர்கள்.

அடிக்கடி போய்ச் செல் மாற்ற முடியாது என்றால் வெளிப் பேட்டரி. பெரும்பாலான டிரெயில் கேமராக்களில் கீழே ஒரு டிசி சாக்கெட் இருக்கும், 6 வோல்ட்டோ 12 வோல்ட்டோ, மாடலைப் பொறுத்தது. 12 வோல்ட் என்றால் உங்கள் வீட்டிலேயே விடை இருக்கலாம்: முதுகில் மாட்டி மருந்து அடிக்கிற பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 8 ஆம்பியர் (சரியாகச் சொன்னால் ஆம்பியர் ஹவர்) சீல்டு லெட் ஆசிட் பேட்டரி. 96 வாட் ஹவர், லெட் ஆசிட்டை பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போட்ட கணக்குப்படி ஐந்து மாதத்துக்குப் போதும், ஆனால் சார்ஜ் குறைந்த நிலையில் கிடந்தால் அந்தப் பேட்டரி உள்ளுக்குள் கெட்டுவிடும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்பிரேயர் சார்ஜரிலேயே ஏற்றிவிடுங்கள். ஸ்பிரேயரில் இருக்கிறதைக் கழற்றாமல் தனியாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் மருந்து அடிக்கிற அன்றைக்குக் கேமரா இருக்காது. பிளக்கில் நடு முனை பாசிட்டிவா என்பதை மல்ட்டிமீட்டரில் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

கேமரா 6 வோல்ட், பேட்டரி 12 வோல்ட் என்றால் கடைக்காரர் உடனே ஒரு சின்ன டிசி கன்வெர்ட்டர் போர்டை நீட்டுவார், எல்எம்2596 என்ற சிப் போட்டது. போர்டு நல்லதுதான், ஆனால் சும்மா இருக்கும்போதே அது 5 மில்லி ஆம்பியருக்கு மேல் குடிக்கும். ஒரு நாளைக்கு 120 எம்ஏஹெச். நம் 8 ஆம்பியர் பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய 4 ஆம்பியர் ஒரு மாதத்தில் அதற்கே போய்விடும். கேமரா குடிப்பதைவிடக் கன்வெர்ட்டர் கூடக் குடிக்கிறது. அதற்குப் பதில் எமர்ஜென்சி விளக்கில் வருகிற 6 வோல்ட் 4.5 ஆம்பியர் பேட்டரியை நேராக மாட்டுங்கள். தூங்கும் கேமராவுக்கு நடுவில் எந்தக் கன்வெர்ட்டரும் இல்லாமல் இருப்பதுதான் நல்ல இணைப்பு.

பவர்பேங்கில் இருக்கும் இன்னொரு சிக்கலும் இதே இடத்தில்தான். போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்து, 50 முதல் 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே கரண்ட் போனால் அது தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். கேமரா தூங்கியதும் பவர்பேங்கும் அணையும், அப்புறம் திருடன் வந்தாலும் இரண்டும் எழாது. எப்போதும் அவுட்புட் கொடுக்கிற பவர்பேங்க் சில உண்டு, தேடித்தான் வாங்க வேண்டும்.

சொந்தமாகச் செய்து பார்க்கிறேன், கேமராவும் வைஃபையும் சேர்ந்த ஈஎஸ்பி32-கேம் போர்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். கற்றுக்கொள்ள அருமையான போர்டு. ஆனால் சிப் மட்டும் ஆழ்ந்த தூக்கத்தில் 10 மைக்ரோ ஆம்பியர் என்று படித்துவிட்டு ஏமாறாதீர்கள். போர்டில் இருக்கும் ரெகுலேட்டரும் மற்றதும் சேர்ந்து தூக்கத்திலேயே 6 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும், 18650 என்ற உருளை லித்தியம் செல் ஒன்றிலிருந்து 5 வோல்ட்டாக ஏற்றிக் கொடுத்தால் ஒரு படமும் எடுக்காமலே இரண்டு வாரத்தில் செல் காலி. வழி என்னவென்றால், போர்டைத் தூங்க வைக்காமல் சப்ளையையே மாஸ்ஃபெட் என்ற எலெக்ட்ரானிக் ஸ்விட்ச் ஒன்றால் வெட்டிவிடுவது, ஏஎம்312 மாதிரி 0.1 மில்லி ஆம்பியருக்குள் குடிக்கிற பிஐஆர் மட்டும் விழித்திருந்து, ஆள் வந்தால் மாஸ்ஃபெட்டைத் திறக்கும். வைஃபை எழும் கணத்தில் வோல்ட்டேஜ் சரிந்து போர்டு ரீசெட் ஆகும், அதற்கு 1000 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைக் குறுக்கே போடுங்கள். அதோடு வருகிற லென்ஸில் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கிறது, இரவில் ஒன்றும் தெரியாது, ஃபில்டர் இல்லாததைத் தேடி வாங்க வேண்டும். இத்தனையும் செய்து முடிக்கும்போது டிரெயில் கேமரா விலையில் பாதி போயிருக்கும், ஆசைக்குச் செய்யுங்கள், அடுத்த மாதமே திருடனைப் பிடிக்க வேண்டும் என்றால் வேண்டாம்.

18650 பற்றி ஒரு வார்த்தை. 9,900 எம்ஏஹெச் என்று அச்சடித்து விற்கிறதைத் தொடாதீர்கள். அந்த அளவுச் செல்லில் நேர்மையாகக் கிடைப்பது 2,500-லிருந்து 3,500 வரைதான், பெரிய கம்பெனிகளாலேயே அதற்கு மேல் கொஞ்சம்தான் போக முடிகிறது. எடை போட்டுப் பாருங்கள், நல்ல செல் 45 கிராம் பக்கம் இருக்கும், ரொம்ப லேசாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை. சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கெப்பாசிட்டி டெஸ்டரில் போட்டுக் காட்டச் சொல்லி வாங்கலாம்.

சூடு இன்னும் பெரிய விஷயம். லித்தியம் அயான் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது, 60-க்கு மேல் வைத்திருக்கவே கூடாது. தகரக் கூரைக்கு அடியிலோ நேர் வெயிலிலோ இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஏப்ரல் மாதம் 60 டிகிரி என்பது சாதாரணம். செல் உப்பும், ஆயுள் பாதியாகும், மோசமானால் தீப்பிடிக்கும். ஓலைக் கொட்டகை என்றால் நான் லித்தியம் அயானை உள்ளே வைக்கவே விடமாட்டேன். லித்தியம்தான் வேண்டும் என்றால் பாஸ்பேட் வகை, சோலார் விளக்குகளில் வருகிறதே 3.2 வோல்ட் 6,000 எம்ஏஹெச் தடித்த செல், அது சூட்டை இதைவிட நன்றாகத் தாங்கும், இரண்டாயிரம் முறை சார்ஜ் செய்யலாம். ஆனால் அதன் சார்ஜ் எல்லை 3.65 வோல்ட், சாதாரண லித்தியம் அயானுக்கு 4.2. ஒன்றுக்கான சார்ஜரில் இன்னொன்றை மாட்டாதீர்கள். பேட்டரியைக் கேமராவோடு மரத்தில் தொங்க விடாமல், ஒயர் இழுத்துக் கீழே நிழலில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தோட்டத்தில் கிடக்கும் நாலு அங்குல பிவிசி பைப் துண்டுக்குள் போட்டு மூடி, கால்வாசி மண்ணில் புதைத்து வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது, சூடும் ஏறாது. காற்றுப் போகாமல் இறுக்கி அடைக்காமல் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை விடுங்கள், பேட்டரி எதுவாக இருந்தாலும் வாயு வெளியேற வழி வேண்டும். துளையைச் சுற்றி கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் எறும்பு உள்ளே போய்க் கூடு கட்டிவிடும்.

ஒளித்து வைப்பது என்றால் விளக்கையும் பார்க்க வேண்டும். இன்ஃப்ராரெட் விளக்கு இரண்டு வகை. 850 நானோமீட்டர் அலைநீளம் உள்ளதன் வெளிச்சம் அதிக தூரம் போகும், ஆனால் எரியும்போது மங்கலான சிவப்புப் புள்ளியாகத் தெரியும், இருட்டில் திருடன் அதைப் பார்த்துவிட்டால் கேமராவையும் கழற்றிக்கொண்டு போவான். 940 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சென்சாருக்கு அந்த ஒளி கொஞ்சம்தான் தெரியும் என்பதால் தூரம் குறையும், அதே வெளிச்சத்துக்குக் கூடுதல் பேட்டரி போகும். உங்களுக்கு ஏழெட்டு மீட்டர்தான் வேண்டும், 940-ஐயே வாங்குங்கள்.

கார்டில் மட்டும் படம் இருந்தால் அவன் கேமராவைப் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு, அதனால் சிம் போட்டு உடனே போனுக்குப் படம் வரும் 4ஜி மாடல் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான், ஆனால் பேட்டரிக் கணக்கு மாறும். படம் எடுக்க ஆகும் சக்தியை விட அதை அனுப்ப ஆகும் சக்தி அதிகம், நெட்வொர்க்கைத் தேடிப் பிடித்து அனுப்பி முடிக்க ஒரு நிமிடம் 2 வாட் என்றாலும் 0.033 வாட் ஹவர், நம் 15 நொடி வீடியோவைப் போல இரண்டரை மடங்கு. டவர் தள்ளி இருந்தால் இன்னும் கூடும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: சிம்மை நெட்வொர்க்கோடு இணைக்கும் மோடம் ஆள் வந்தால் மட்டும் எழுகிறதா, இல்லை நீங்கள் போனில் எப்போது வேண்டுமானாலும் நேரலை பார்ப்பதற்காக எப்போதும் நெட்வொர்க்கில் இருக்கிறதா? இரண்டாவது என்றால் சோலார் இல்லாமல் தாங்காது. முதல் வகையில், வீடியோ வேண்டாம், சின்ன அளவுப் படம் மட்டும் அனுப்பு என்று வைத்தால் 12 வோல்ட் பேட்டரியில் ஒரு மாதம் நிம்மதியாகப் போகும். உங்கள் தோட்டத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன், கேபிளை வெட்டிக்கொண்டிருக்கும்போதே நாலு பேரோடு போய் நிற்க முடியுமே.

சோலார் பேனல் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற பேச்சில் பாதிதான் உண்மை. நல்ல வெயில் நாளில் 5 வாட் பேனல் 15 வாட் ஹவர் கொடுக்கும், தூங்கும் கேமராவுக்கு அது தேவைக்கு மேலே. ஆனால் எப்போதும் ஓடும் கேமராவுக்கு, ஐப்பசி கார்த்திகையில் நாலைந்து நாள் சூரியனையே பார்க்காமல் இருக்கிற காலத்துக்கும் சேர்த்து, 40 வாட் பேனலும் 12 வோல்ட் 20 ஆம்பியர் லித்தியம் பாஸ்பேட் பேட்டரியும் வேண்டும். அவ்வளவு பெரிய பேனல் பளபளவென்று நின்றால் அது ஒளித்து வைத்த கேமரா இல்லை. அப்படிப் போவதென்றால் கம்பத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்து, கேமரா இருக்கிறது என்று பலகையும் எழுதிவிடுங்கள், திருடன் வராமல் இருப்பான், அதுவும் ஒரு வழி.

கடைசியாக, நான் எல்லோரிடமும் பிடிவாதமாகச் சொல்கிற விஷயம். பம்புசெட் தொட்டி என்பது ஊரில் பெண்கள் குளிக்கிற, துணி துவைக்கிற இடம். உங்கள் வீட்டுப் பெண்கள், களை எடுக்க வருகிறவர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள். கேமரா பார்க்க வேண்டியது ஸ்டார்ட்டர் பெட்டியையும் கேபிளையும், தொட்டியை இல்லை. ஒளித்து வைத்த கேமராவில் அவர்கள் குளிப்பது பதிவானால், நீங்கள் திருடனுக்காக வைத்தேன் என்று சொன்னாலும் அது அவர்களுக்குச் செய்த அநியாயம்தான். சட்டமும் சும்மா இருக்காது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆவது பிரிவில் முதல் குற்றத்துக்கே ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறை, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ தனியாக இருக்கிறது. டிரெயில் கேமராவில் டைமர் இருக்கும். இரவு 9 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை மட்டும் வேலை செய் என்று வைத்துவிடுங்கள். பகல் வெயிலில் ஆடும் இலைக்கெல்லாம் எழாது என்பதால் பேட்டரியும் மிச்சமாகும். தொட்டி ஓரம் தெரிகிறதென்றால் கோணத்தை மாற்றுங்கள், முடியாவிட்டால் லென்ஸின் அந்தப் பக்கத்தைக் கறுப்பு டேப் ஒட்டி மறையுங்கள். வீட்டு ஆட்களிடமும் வேலைக்கு வருகிறவர்களிடமும் இரவில் கேமரா ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள், எந்த மரத்தில் என்று சொல்லத் தேவையில்லை. குளியலறை, வாடகைக்கு விட்ட அறை, மனைவியின் போன் பக்கத்தில் என்று இதே பேட்டரிக் கேள்வியைக் கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, அவர்களுக்கு உதவி செய்யும் எண்ணமும் இல்லை.

ஆள் சிக்கினால் படம் சாட்சியாக நிற்க வேண்டும். செல் மாற்றும்போது சில கேமராக்களில் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும், ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள், தேதி தப்பாக இருக்கும் படத்தை வக்கீல் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார். கார்டை அப்படியே எடுத்து வையுங்கள், படத்தை வெட்டி ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவின் கீழ் சான்றிதழ் கேட்பார்கள், போலீஸில் கொடுக்கும்போதே எந்தக் கேமரா, எந்தக் கார்டு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மாட்டிய அன்று இரவே யாரையாவது ஸ்டார்ட்டர் பெட்டி வரை நடக்க விட்டு முகம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்துப் போய் மல்ட்டிமீட்டரில் பேட்டரி வோல்ட்டேஜைப் பார்த்து, கார்டில் இருக்கும் ஃபைல்களை எண்ணுங்கள். எட்டு ஆம்பியர் லெட் ஆசிட் முழு சார்ஜில், எதுவும் மாட்டாமல் ஓய்வாக இருக்கும்போது 12.8 வோல்ட் பக்கம் காட்டும். ஒரு வாரத்தில் 12.6-க்கு மேலே நின்றால் மாதம் தாண்டும். 12.3-க்கு இறங்கியிருந்தால் கார்டைத் திறந்து எது எழுப்பியது என்று பாருங்கள். அநேகமாக முன்னால் ஒரு செடி நிற்கும், அதை வெட்டிவிட்டு வாருங்கள்.